பதினேழாம் நம்பர் வீட்டு போர்

ஞாயிற்றுக்கிழமை காலங்காத்தால போர்வெல் போடும் ரிக் லாரி வந்து நின்ற இடத்தைப் பார்த்ததும் உஷாராணி காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

பதினேழாம் நம்பர் வீடு. கந்தவேல் வீடு!

திருச்செங்கோட்டுப் பக்கம் நாலு ஏக்கரில் பதினெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து கட்டிக்கொண்ட குடியிருப்பு அது. வீட்டுக்கு வீடு காம்பவுண்டுச் சுவர் கிடையாது. கார்கள் மெயின் கேட்டோடு சரி. சமையலறைத் தண்ணீர் வாழைக்குப் போகும். எல்லாருக்கும் ஒரே கிணறு.

பிளான் போட்டதே உஷாராணிதான். 'யாரும் தனியாக போர் போடக் கூடாது' என்பது அவள் எழுதிய முதல் விதி. ஒருத்தர் போட்டால் அத்தனை பேரும் போடுவார்கள். கிணறு வறண்டுவிடும். மூன்று வருஷ உழைப்பும் அம்போ!

ஓடினாள். பின்னாலேயே கணவர் பிரபாகர். அவருக்குப் பின்னால் பாதிக் குடியிருப்பு.

"என்னங்கண்ணா இது? விதியில கையெழுத்துப் போட்டீங்களே!"

கந்தவேல் இருபத்தைந்து வருஷம் ரிக் ஓட்டியவர். ஆந்திரா, ஒடிசா வரை போய்ப் பூமியைத் துளைத்தவர். இப்போது வண்டி மகன் கையில். அவர் பாட்டுக்கு ரிக்குக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்.

"போட்டனுங்க அம்மிணி. மறக்கலீங்க. ஒரு அரை நாள் பொறுங்க."

"பொறுக்கறதா?" பிரபாகர் பாய்ந்தார். "சொந்த ரிக் இருந்தா என்ன வேணா பண்ணுவீங்களா? நாங்கெல்லாம் நாளைக்கு ஒரு மணி நேரக் கெணத்துத் தண்ணியில பொழப்பை ஓட்டறோம். உங்களுக்கு மட்டும் தனி போரா? மனுசனுக்குக் கொஞ்சமாச்சும் வெக்கம் வேணுமுங்க!"

கந்தவேல் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

உஷாராணிக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவி வைக்காத மனுஷன், பொது விஷயம் என்றதும் எப்படிப் பொங்குகிறார்!

நாலாம் நம்பர் வசந்தாமணி மோவாயில் கை வைத்தாள். "ஏனுங்க, நீரோட்டம் பாக்கற ஆளைக்கூடக் கூப்புடலையாட்ட இருக்குது. மழை பேஞ்சா முழங்கால் தண்ணி நிக்கற பள்ளத்துல போயி ரிக்கை நிறுத்தியிருக்காரு. இத்தனை வருசம் என்னத்தைத் தொழில் பண்ணினாரோ!"

"அதை உடுங்கக்கா, அந்தப் பைப்பைப் பாருங்க. பூரா ஓட்டை!" என்று யாரோ சிரித்தார்கள்.

உஷாராணி பார்த்தாள். ஓட்டை போட்ட பைப்பு. பக்கத்தில் ஒரு குவியல் ஜல்லி, ஒரு குவியல் மணல். மோட்டார் இல்லை, ஒயர் இல்லை.

"அண்ணா... இது தண்ணி எடுக்கற போர் இல்லீங்களா?"

"இல்லீங்க அம்மிணி, தண்ணியை உள்ள உடற போருங்க. நம்ம வீதி மழைத்தண்ணி பூராவும் இங்க வந்து தேங்கிச் சாக்கடைக்குத்தானே போகுது? ஜல்லியிலயும் மணல்லயும் வடிஞ்சு உள்ள எறங்குச்சுன்னா நம்ம கெணறு ஊறுமுங்க. ஊரூராப் போயி உறிஞ்சி எடுத்தாச்சு. ஒரு எடத்துலயாவது திருப்பி ஊத்தலாம்னுதான்."

உஷாராணிக்குக் கண் கலங்கிவிட்டது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களேண்ணா!"

"எங்கீங்க நேரம்? இந்த மாசத்துல மட்டும் அஞ்சு பேரு எங்கிட்ட வந்து, 'ஆருக்கும் தெரியாம எங்க ஊட்டுல ஒரு போர் போட்டுக் குடுங்க'ன்னு கேட்டுட்டாங்க. நான் மாட்டேன்னா வேற ரிக்கைக் கூப்புடுவாங்க. கெணத்துல தண்ணி இருந்தா எதுக்குக் கேக்கப் போறாங்க?"

"அஞ்சு பேரா?" உஷாராணி சேலையை இழுத்துச் செருகினாள். "ஆருங்கண்ணா அது? பேரைச் சொல்லுங்க. இன்னைக்கே மீட்டிங் போட்டுடறேன்!"

கந்தவேல் தேங்காயை ஓங்கி உடைத்தார். "அதெல்லாம் எதுக்குங்க? கெணறு நெறைஞ்சா எல்லாம் சரியாப் போயிரும்."

"ஏனுங்க, நீங்களாச்சும் கேளுங்க" என்று கணவரிடம் திரும்பினாள். பக்கத்தில் அவரைக் காணோம்.

ஜல்லிக் குவியலிலிருந்து ரிக் பக்கமாக, யாரும் கூப்பிடாமலே, சட்டி சட்டியாக ஜல்லி சுமந்துகொண்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். உஷாராணி எண்ணினாள். வசந்தாமணியையும் சேர்த்துச் சரியாக ஐந்து பேர்.

முதல் சட்டி பிரபாகர் தலையில் இருந்தது.