நீளமான படிப்பு

"நாலே வருஷத்துல பி.ஏ.வும் எம்.ஏ.வும் முடிச்சிடலாம். உங்க மார்க்குக்குக் கண்ணை மூடிட்டு இடம் குடுப்பாங்க. ஒரு வருஷம் மிச்சம்!"

காலையிலிருந்து இதையே சொல்லிச் சொல்லி ஆங்கிலத் துறைத் தலைவருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

"வேண்டாம் சார். இருக்கறதுலயே நீளமான படிப்பு எது?" என்றாள் மேசைக்கு எதிரே நின்ற மாணவி.

அவருக்கு எரிச்சல் வந்தது. "எல்லாரும் சீக்கிரம் முடிக்கப் பறக்கறாங்க. உங்களுக்கு மட்டும் படிப்பு முடியவே கூடாதா?"

மாணவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"வீட்டுல மாமியார் படுத்த படுக்கை. பேரன் இப்பதான் நடக்க ஆரம்பிச்சிருக்கான். எனக்கு க்ளாஸ் இருக்குன்னாதான் மகன் அவங்களைப் பார்த்துக்கறான். நாள் முழுக்க நான் உட்கார்றது உங்க க்ளாஸ் பெஞ்சுல மட்டும்தான் சார்."

அவர் எழுந்து வந்து, அந்த அம்மாளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.