கொட்டாஞ்சேனை எஃப்.எம்.

"அளக்கிறவன் முதல்ல..." என்று பெரியப்பா ஏதோ சொல்லுவார். படியைப் பார்க்கோணும் என்றா, தன்ர கையைப் பார்க்கோணும் என்றா? மிச்சம் ஜீவராஜுக்கு ஞாபகம் வரவில்லை.

கனடாவிலிருந்து திரும்பி, கொழும்பில் ஒரு அரசாங்கத் திணைக்களத்துக்குப் பணிப்பாளராகி முதல் வருஷம். மூத்த உத்தியோகத்தர்களின் வருஷ வேலைக்குப் புள்ளி போடவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் 'மிக நன்று' போடுவதுதான் அங்கே வழக்கம். இவர் போடமாட்டார்.

முக்கியமாக, பிரதிப் பணிப்பாளர் மெல்ரோய்க்கு. மேசையில் கோப்புகள் குவிந்துகிடக்கும். மனிதர் காதில் போனோடு சிரித்துக்கொண்டிருப்பார்.

"ஓம் அக்கா... மகளுக்கு இப்ப சுகமா? அவசரப்படாதீங்க, ஆறுதலாச் சொல்லுங்க."

மெல்ரோய் கொட்டாஞ்சேனைக்காரர்; அந்த அறைக்கு அலுவலகம் வைத்த பேர், 'கொட்டாஞ்சேனை எஃப்.எம்.'

மேலதிகப் பணிப்பாளர் பதவி காலியாக இருந்தது. புள்ளி நல்லாயிருந்தால் மெல்ரோய்க்குத்தான். ஓய்வுபெற முதல் அவருக்கு அதுதான் கடைசிச் சந்தர்ப்பம்.

ஜீவராஜ் கூப்பிட்டார்.

"மெல்ரோய், கோப்பெல்லாம் லேட். நாள் முழுக்கப் போன். நான் என்ன புள்ளி போடுறது?"

"ஏனெண்டு சேருக்குத் தெரியும்தானே."

"தெரிஞ்சபடியாத்தான் கேக்கிறன்."

மெல்ரோய் அவரை ஒருதரம் பார்த்தார். "அப்ப சேர் சரியெண்டு நினைக்கிறதைப் போடுங்க."

'திருப்தியில்லை' என்று போனது. பதவி வேறொருவருக்குப் போனது. மெல்ரோய் ஓய்வை முந்தியே எடுத்து, எல்லாருக்கும் கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை, பூட்டிய அறைக்குள் போன் அடித்தது. நின்றது. திரும்பவும் அடித்தது.

ஜீவராஜ் எழுந்து ஒப்பரேட்டர் பைறோஸாவிடம் போனார். "மெல்ரோயின்ர கூட்டாளிமாருக்கு, அவர் இல்லையெண்டு சொல்லிவிடுங்கோ."

"கூட்டாளிமார் இல்ல சேர், தமிழ்ல பேசுற சனத்திட டெலிபோன் கோல். ஹட்டன், வவுனியா, எங்கயிருந்து வந்தாலும் மெல்ரோய் சேருக்குத்தான் போடுற. மத்தவங்க எல்லாம் சிங்களம், தமிழ் வராதே."

"எனக்கு வருமே! எனக்குப் போட்டிருக்கலாம்தானே?"

பைறோஸா தலையைக் குனிந்தாள்.

"வந்த அண்டைக்கே சொன்னீங்களே சேர், 'தமிழ் கோல் ஒண்டும் எனக்குப் போடவேணாம், மத்தவங்க ஒரு மாதிரிப் பார்ப்பாங்க' எண்டு."

பூட்டிய கதவுக்குப் பின்னால் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"இனி எனக்குப் போடுங்கோ," என்றார் ஜீவராஜ்.