கூட்டுப் பாடம்

புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. வேன் நின்றது.

மரத்தைச் சுற்றி முப்பது நாற்பது பேர். சிலர் கையில் கோடாலி, சிலர் கையில் கொடுவாள்.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அதற்குத் தோதாக அவர்கள் வெட்டிப் போட்டதும் புளியமரம்தான்.

கல்வராயன் மலையில் இரண்டு நாள் வகுப்பு நடத்திவிட்டு, மாணவர்களோடு கள்ளக்குறிச்சிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிவிட்டது என்பதே அடிவாரத்து டீக்கடையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. சாதி கேட்டுத்தான் வழி விடுகிறார்களாம். எங்கோ காலனியில் குடிசை எரிகிறதாம்.

நான் காலனிக்காரன். வேனில் யாருக்கும் அது தெரியாது.

கல்லூரியில் யார் கேட்டாலும் திருக்கோவிலூர் டவுன் என்பேன். டவுன் என்று சொல்லிவிட்டால் எந்தத் தெரு என்று பெரும்பாலும் கேட்கமாட்டார்கள்.

பக்கத்தில் கொளஞ்சியப்பன் சார் இருந்தார். நான் தாவரவியல், அவர் வரலாறு. காட்டில் உள்ள மரத்தை நான் ஓர் அறையிலும், அந்தக் காட்டுக்காக நடந்த சண்டையை அவர் வேறோர் அறையிலும் நடத்துவது எங்களுக்கே அபத்தமாகப் பட்டது. இருவரும் சேர்ந்து ஒரு பாடத்திட்டம் எழுதி முதல்வர் முன்னால் போய் நின்றோம். "ஒரு மாட்டுக்கு ரெண்டு மூக்கணாங்கயிறா?" என்று கேட்டபடியே அவர் கையெழுத்துப் போட்டார்.

அந்த வகுப்புக்கு ஒரு விதி உண்டு. என் பாடத்தில் கேள்வி வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் பாடத்தில் வந்தால் நான். தப்பாகச் சொன்னால் மற்றவர் எல்லார் முன்னாலும் திருத்துவார். வாத்தியார்கள் முழிப்பதைப் பார்ப்பதற்காகவே பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்துக்கொண்டு வந்து கேள்வி கேட்டார்கள்.

ஒரு வருஷம் ஒரே மேடையில் நின்றோம். ஆனால் அவர் என்னை ஒருமுறைகூடத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. அந்த முறுக்கு மீசையையும் அதட்டல் குரலையும் வைத்து அவரை ஊர்த்தெருக்காரர் என்று முடிவு கட்டியிருந்தேன். என்னை மோப்பம் பிடித்துவிட்டார், அதனால்தான் கூப்பிடவில்லை என்றும்.

தலையில் துண்டு கட்டிய ஒருவர் என் ஜன்னலுக்கு வந்தார். கோடாலியைக் கதவில் சாய்த்து வைத்தார்.

"காலேஜி வாத்தியாருங்களா? எங்க புள்ளைங்களுக்கும் அங்க எடம் கெடைக்கணும்னுதான் ரோட்டுல நின்னுகினு இருக்கோம்."

மரியாதையாகத்தான் பேசினார். அதே மரியாதையோடு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க இன்னா ஆளுங்க?"

தாவரவியல் என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பயத்தில் புத்தி அப்படிப் போகிறது.

உண்மையைச் சொன்னால் இவர்கள் என்னை இறக்கிவிடுவார்கள். பொய் சொன்னால் கொளஞ்சியப்பன் திருத்துவார்.

பிள்ளைகள் என்னைப் பார்க்கவே இல்லை. கேள்வி எனக்கு வந்ததல்லவா, வகுப்பில் திரும்புவதுபோலவே அத்தனை முகமும் அவர் பக்கம் திரும்பியது.

"நம்மாளுதாங்க," என்றார் கொளஞ்சியப்பன். "எங்க சின்னம்மா மவன்."

கோடாலிக்காரர் அவரைச் சுட்டிக்காட்டி என்னிடம் கேட்டார். "இவுரு?"

"அவரும் நம்மாளுதாங்க."

எனக்குக் குரல் வந்ததே ஆச்சரியம். அந்த ஜன்னலில் சொல்லப்பட்டதில் இது ஒன்றாவது உண்மை என்ற தைரியம்தான்.

நுனிக் கிளைகளை இழுத்து வழி விட்டார்கள். வேன் கரும்புத் தோட்டத்து ஓரமாக இறங்கிச் சாலையில் ஏறியது.

"ரெண்டு பேரும் சொந்தமா சார்? சொல்லவே இல்ல!" என்று பின்னால் இருந்து மகேஸ்வரி கத்தினாள். மலையிலிருந்து படிக்க வந்த பெண். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு இப்போதுதான் நிஜமாகவே பயம் பிடித்தது. கொளஞ்சியப்பனுக்கு என்னைப் பற்றித் தெரிந்தே காப்பாற்றியிருந்தால் காலமெல்லாம் அவர் முன்னால் நான் தலைகுனிய வேண்டும். தெரியாமல் சொல்லியிருந்தால், தெரிகிற அன்று என்ன செய்வார்? கோடாலியாவது பின்னால் போய்விட்டது. இவரோடு நாளைக்கும் ஒரே வகுப்பில் நிற்க வேண்டும்.

மாட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. வேன் மறுபடி நின்றது.

"சார், நான் உங்க ஆளு இல்ல," என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "நான் காலனி."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. அவருடைய முழங்கால்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. வேன் ஆடுவதால் என்று நினைத்தேன். வேன் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

"எந்தக் காலனிங்க?"

சொன்னேன்.

"எங்க வூடு சின்னசேலம் பக்கம். நாங்களும் காலனிதாங்க. நீங்க ஊர்த்தெருன்னு வருஷம் பூரா பயந்துகினு இருந்தேன். உங்கள எங்க சின்னம்மா மவன்னு சொல்லிக்கினா என்னையும் விட்டுருவாங்கன்னுதான்..."



பிள்ளைகள் காதில் விழுந்திருக்குமோ என்று இருவரும் ஒரே சமயத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தோம்.