தீவில் இல்லாத பெயர்

"அக்கா, உங்க தம்பி மகளுக்கு நீங்கதான் பேரு வைக்கணும். அத்தை வைக்காத பேரு டோங்காவுல ஒரு பேரா?" என்று குழைந்தாள் லெசியெலி. கையோடு கொண்டுவந்த சுட்ட பன்றித் தொடையை நாத்தனார் பிசிலாவின் முன்னால் வைத்தாள்.

"தொடையே பேசுதே! என்ன பேரு வேணும், சொல்லித் தொலை."

"ஐல்வேரா. வடதுருவத்துப் பக்கத்துப் பேரு. உறைபனியில பூத்த பூன்னு அர்த்தம்."

"இங்க உறைபனியை எவடி பார்த்தா?"

"அதனாலதான்க்கா! இந்தத் தீவுல ஒருத்திக்கும் இந்தப் பேரு கிடையாது. வச்சா ராணி மாதிரி வாழுவாளாம்."

பிசிலா தொடையைக் கடித்தபடி யோசித்தாள். "நல்ல பேருதான். வைக்கிறேன், போ."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் லெசியெலி குழந்தையோடு முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிசிலா எழுந்து, "ஐல்வேரா!" என்று அறிவித்தாள். சபையே வாய் பிளந்தது. லெசியெலிக்குப் பெருமையில் கண் கலங்கியது.

பிசிலா உட்காரவில்லை. மற்ற இரண்டு தம்பிகளும் பின் வரிசையில் ஆளுக்கொரு பேர் வைக்காத பெண் குழந்தையோடு இருந்தார்கள். அவர்கள் பக்கம் கையை நீட்டினாள்.

"அவளும் ஐல்வேரா, இவளும் ஐல்வேரா! ராணியா வாழற பேரை ஒருத்திக்கு மட்டும் குடுத்து ஓரவஞ்சனை பண்ணுவேனா? மூணு பேருக்கும் நான்தானே அத்தை!"