கறுப்பா, பச்சையா?

கணவர் இறந்து ஒரு மாதம் கழித்து, அவருடைய மீன்பிடிக் கூட்டாளி வீட்டுக்கு வந்தார். பாஸ் மீன் பிடிப்பதற்கென்றே கணவர் ஆசை ஆசையாக வாங்கிய விலை உசத்தியான தூண்டில் கம்புகள் இரண்டையும், கறுப்பு ஒன்று, பச்சை ஒன்று, அவள் மேசையில் வைத்தாள்.

“அண்ணன் ஞாபகமா ஒண்ணு போதும் அண்ணி. எதை எடுக்கிறதுன்னுதான் தெரியலை.”

பேச ஆள் கிடைத்ததில் அவளுக்கு உற்சாகம். “கறுப்பு விறைப்பு, தம்பி. மீன் தொட்டாலே உள்ளங்கைக்குத் தெரிஞ்சிடும். பாசிக்குள்ள பதுங்கினதையும் இழுத்துப் போட்டுடலாம்.”

“அப்போ பச்சை?”

“அது வளைஞ்சு குடுக்கும். கவ்வின மீன் வாய் கிழிஞ்சு தப்பாது.”

அவர் வாயைப் பிளந்தார். “அண்ணன் எனக்கும் இதையேதான் சொல்வாரு, வார்த்தை மாறாம! பக்கத்துல உட்கார வெச்சுல்ல உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு. குடுத்து வெச்சவங்க அண்ணி நீங்க!”

கறுப்புக் கம்பைத் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

“என்கிட்ட ‘சாப்பாடு ஆச்சா’ங்கிறதுக்கு மேல பேசினதில்ல தம்பி. உங்களோடதான் போன்ல மணிக்கணக்காப் பேசுவாரே, அப்போ கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்குவேன்.”