விவாதமின்றி

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழத் தயாரானபோது, சபாநாயகர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மணி ஆறு.

அவளுக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்த உறுப்பினரின் மைக் வாக்கியத்தின் நடுவில் அணைந்தது.

அடுத்தது அவள் முறை. தொழிலாளர் துறைச் செலவின்மேல் பேச, அவளுடைய சின்னக் கட்சிக்குக் கிடைத்த சில நிமிடங்கள். காலையில் நடந்த அமளியில் விவாதம் தாமதமாகத் தொடங்கியிருந்தது.

இனி விவாதம் இல்லை.

பட்ஜெட்டுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டால், மீதமிருக்கும் எல்லாத் துறைகளின் செலவுகளும் பேச்சில்லாமல், ஒன்றாகச் சேர்த்து ஓட்டுக்கு விடப்படும். நாடாளுமன்றத்தில் அதற்கு கில்லட்டின் என்று பெயர். தலை வெட்டிய கருவியின் பெயர்.

அந்தச் சொல்லைச் சொல்லும்போது அங்கே யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை.

அவள் நிமிர்ந்து பார்வையாளர் மாடத்தைப் பார்த்தாள்.

அழகுத்தாய் அங்கேதான் இருந்தாள். கைப்பிடிச் சுவரில் சாயக் கூடாது என்று காவலர் சொல்லியிருக்க வேண்டும். கைகளை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய தொகுதியைச் சேர்ந்தவள். மகள் முனீஸ்வரி பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தவள். வெடித்த அன்று உயிர் இருந்தது. ஊர்த் தொழிலாளர் மருத்துவமனையில் தீக்காயத்துக்கு வார்டு இல்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், டோல்கேட் வரிசையில் ஆம்புலன்ஸ் நின்றபோது, அம்மாவின் கையைப் பிடித்திருந்த கை தளர்ந்துவிட்டது.

துக்கம் கேட்கப் போனவளிடம் அழகுத்தாய் அழவில்லை.

"வார்டு கேளுங்க. அங்க அவ பேரையும் ஒருவாட்டி சொல்லுங்க" என்றாள்.

அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். கேட்க வரும்படி ரயில் டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

சபாநாயகர் செலவுக் கோரிக்கைகளின் எண்களை வாசித்தார். துறைகளின் பெயர்கள்கூட இல்லை. எண்கள்.

"ஆதரிப்போர்?"

அவள் கட்சி ஆட்சிக் கூட்டணியில் இருந்தது. காலையிலேயே கொறடாவின் உத்தரவு வந்துவிட்டது. எதிர்த்து ஓட்டுப் போட்டால் பதவி போகும்.

"ஆம்" என்றது ஒரு பக்கம் முழுவதும்.

அவளும் சொன்னாள்.

எதிர்க்கட்சியினர் எழுந்து கத்தினார்கள். பேசவிடாமல் என்ன பட்ஜெட் என்றார்கள். கூட்டமாக வெளிநடப்புச் செய்தார்கள்.

அந்தச் சத்தத்தில் அவளும் நழுவி, மாடப் படிக்கட்டின் அடிக்கு வந்தாள்.

நேரம் முடிந்து இறக்கிவிடப்பட்ட பார்வையாளர்களோடு அழகுத்தாய் இறங்கி வந்தாள். முகம் தெளிந்திருந்தது. அவளுடைய கைகளைப் பற்றிக்கொண்டாள்.

"ஒரே சத்தம். ஒண்ணும் கேக்கலம்மா. ஆனா நீங்க வாயத் தொறந்து சொன்னதப் பாத்தேன். முனீஸ்வரி பேரச் சொல்லிட்டீகளா?"

சொல்லிவிட்டேன் என்றால் போதும். அழகுத்தாய் ரயிலேறிப் போய்விடுவாள். ஊரில் நாலு பேரிடம் சொல்லுவாள்.

"இல்லக்கா. என் முறை வர்றதுக்குள்ள பேச்ச முடிச்சுட்டாங்க."

"அப்ப என்ன சொன்னீக?"

"ஆம்னு சொன்னேன்."

"எதுக்கு?"

அவள் யோசித்தாள். எண்கள்தான் நினைவுக்கு வந்தன.

"எல்லாத்துக்கும் சேத்து."

"அதுல நம்ம வார்டு இருக்கா?"

"இல்லக்கா."

அழகுத்தாய் கைகளை விட்டாள். கோபமாக விடவில்லை. அடுத்தவர் பாத்திரத்தைத் தவறுதலாக எடுத்துவிட்டவள் திரும்ப வைப்பதுபோல் விட்டாள்.

உள்ளே மணி அடித்தது.

அவர்கள் கட்சிக் கொறடா தணிகைவேல் கதவருகே வந்து நின்றார்.

"உள்ள வாங்கம்மா. மசோதாவ எடுக்கிறாங்க. நம்மாளு ஒருத்தரும் குறையக் கூடாது."

"போங்கம்மா" என்றாள் அழகுத்தாய். "உங்களுக்கு வேல இருக்கும்."

அவளுக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

உள்ளே எதிர்வரிசைகள் காலியாகக் கிடந்தன. இருக்கைகளில் கசங்கிய தாள்கள்.

சற்று முன் ஒப்புக்கொண்ட செலவுகளுக்குக் கஜானாவிலிருந்து பணம் எடுக்க அனுமதிக்கும் மசோதா. அமைச்சர் எழுந்தார். ஒரு வரி வாசித்தார். உட்கார்ந்தார்.

"ஆதரிப்போர்?"

"ஆம்."

அந்தக் குரல்களில் அவளுடையது இல்லை. பக்கத்தில் இருந்த தணிகைவேல் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று மெல்லக் கேட்டார்.



இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. முறைக்காகக் கேட்கப்படுவது. பதில் சொல்ல எதிரே யாரும் இல்லை. சபாநாயகர் அடுத்த தாளைப் புரட்டியபடியே கேட்டார்.

"எதிர்ப்போர்?"

எழுந்து நின்றவளின் முழங்கையைத் தணிகைவேலின் கை பற்றி இழுத்தது.

சபாநாயகர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார்.