கொக்கின் மறுகால்

கோழி திருடிய நரிக்கு, குளத்து ஆகாயத்தாமரையை அள்ளும்படி தீர்ப்பு. அள்ளுவதைத் தினமும் தீர்ப்புச் சொன்ன ஆந்தைக்குப் போனில் காட்டவேண்டும், ஏமாற்றினால் கூண்டு. நரியோ முதல் நாள் எடுத்த வீடியோவையே வளைக்குள் படுத்தபடி ஓட்டிக்கொண்டிருந்தது.

"நரியாரே, பின்னாடி நிக்கிற கொக்கு காலையே மாத்தலையே?" என்றது ஆந்தை.

நரி சமாளித்தது. "உறுமீன் வரணுமில்லையா சாமி."

"நேத்தும் இதே மீன்தானே துள்ளிச்சு? கொக்கைக் கூப்பிடும், பேசணும்."

"சிக்னல் இல்லீங்க" என்று அழைப்பைத் துண்டித்துவிட்டு நரி போனோடு குளத்துக்கு ஓடியது. கொக்கு அதே இடத்தில் ஒற்றைக்காலில்தான் நின்றது. நரிக்குப் போன உயிர் வந்தது.

"நான் தினம் வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுப்பா."

"முதல்ல காலை எடுத்துவிடுண்ணே. நீ அள்ளியிருப்பேன்னு நம்பித்தான் இறங்கினேன்."

மறுகால் ஆகாயத்தாமரை வேரில் சிக்கி வீங்கிக் கிடந்தது.

நரியின் கையில் போன் மறுபடியும் அடித்தது.